டிராயிங் தராதவனிடம் மெஷின் வாங்காதே

போன வாரம் தேரடி டீக்கடையில் எனக்கும் நண்பர் ஒருவருக்கும் ஒரு சின்னச் சண்டை. அவர் லேலண்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சண்டைக்குக் காரணம் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர்.

"கடைக்காரத் தம்பி பாத்துட்டு, இதுல இனிமே ஒண்ணும் பண்ண முடியாது சார், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்கன்னு சொல்லிட்டான்பா. நாப்பத்தஞ்சாயிரம் ஆவுமாம்."

"என்ன கெட்டுப்போச்சு?"

"ஒண்ணும் கெடல. நல்லாத்தான் ஓடுது. ஆனா இதுக்கு இனிமே கம்பெனியில இருந்து எதுவும் வராதாம்."

நல்லாத்தான் ஓடுது, ஆனால் தூக்கிப் போட வேண்டும். மெயின்டனன்ஸில் ஆயுளைக் கழித்தவன் காதில் இந்த வார்த்தை விழுந்தால் அன்றைக்கு டீ இறங்காது. லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், காசும் வேண்டாம், இன்னும் ஐந்தாறு வருஷம் ஓடும் என்றேன். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஓசில கெடைக்கிறது எப்படிப்பா உருப்படும்?"

அங்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் சரியாகப் பேச வராது. அதனால் பேச வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் விவரம். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசஸரும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். 2016, 2017 இல் வாங்கிய பெரும்பாலான பெட்டிகள் இதில் தேறாது. இதற்கு முன்னால் 2014 ஏப்ரல் 8 ஆம் தேதி எக்ஸ்பிக்கும் இதே கதை நடந்தது. கம்பெனி செய்தது சட்டப்படி தப்பில்லை. எவ்வளவு நாள் பார்த்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் விற்றார்கள். நான் கேட்பது வேறு. அவர்கள் விட்டுவிட்ட பிறகு அதை நாமாவது பார்த்துக்கொள்ள ஏன் முடியவில்லை? பெட்டி நம்முடையது, கரண்ட் பில் நம்முடையது. ஆனால் உள்ளே ஓடுகிற சாஃப்ட்வேரின் டிராயிங் நம்மிடம் இல்லை. விஷயம் முழுக்க இதுதான்.

டிராயிங் என்றால் என்ன என்று வடசென்னைக்காரனுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பம்பின் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. டிராயிங் கையில் இருந்தால் சாத்தாங்காட்டில் இரும்பு வாங்கி, எந்த லேத் பட்டறையில் கொடுத்தாலும் சாயங்காலத்துக்குள் கடைந்து கொடுத்துவிடுவான். டிராயிங் இல்லையென்றால் கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டும். கம்பெனி இருந்தால் பதில் வரும்.

சாஃப்ட்வேருக்கும் டிராயிங் உண்டு. மூல நிரல் என்கிறார்கள், சோர்ஸ் கோட். அதைக் கூடவே கொடுத்து, பார், மாற்று, பழுது பார், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஒரு பிரதி கொடு என்று சொன்னால் அது திறந்த மூல மென்பொருள். அந்த உரிமையைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பவர்கள் கட்டற்ற மென்பொருள் என்பார்கள். டிராயிங்கைப் பூட்டி வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு மட்டும் அனுமதி விற்றால் அது தனியுடைமை மென்பொருள். இங்கிலீஷில் ஃப்ரீ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதால் அவர்கள் நாற்பது வருஷமாக விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று நம் மொழி ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. இவ்வளவு வசதியான மொழியை வைத்துக்கொண்டு நாம் அதை ஓசி என்கிறோம்.

இந்த இயக்கம் தொடங்கிய கதையும் ஒரு மெயின்டனன்ஸ் கதைதான். அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு பிரிண்டரில் அடிக்கடி பேப்பர் சிக்கும். அதன் சாஃப்ட்வேரைத் திருத்தி, சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகும்படி செய்யலாம் என்று பார்த்தார். மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். ரிப்பேர் செய்யத் தெரிந்தவனைக் கையைக் கட்டி உட்கார வைத்தால் வருகிற கோபம் இருக்கிறதே, அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கோபத்தோடுதான் அவர் 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991 இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்தது.

டிராயிங் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். நம் திருவொற்றியூரிலேயே சாட்சி இருக்கிறது. புல்லட் மோட்டார் சைக்கிள். 1955 இல் என்ஃபீல்ட் இந்தியா இங்கே தொடங்கியபோது இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து பாகங்கள் வந்தன, நம் ஆட்கள் பூட்டினார்கள். 1957 இல் அதைச் செய்வதற்கான கருவிகளையும் விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1967 இல் ரெடிச் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். 1970 இல் இங்கிலாந்தில் என்ஃபீல்டே முடிந்துபோனது. பெற்றவன் போய்விட்டான், பிள்ளை திருவொற்றியூரில் ஓடிக்கொண்டிருந்தது. 1977 இல் நம் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள்!

செய்முறை இங்கே வராமல் போயிருந்தால்? ரெடிச் மூடிய அன்று புல்லட்டும் செத்திருக்கும். அது ஒன்றும் ஓசியில் வரவில்லை, காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். அதனால்தான் சொல்கிறேன், இது காசு பற்றிய பேச்சே இல்லை. செய்தவன் கடையை மூடிய பிறகும் பொருள் உயிரோடு இருக்குமா என்பதுதான் பேச்சு.

சாஃப்ட்வேரிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. ஓப்பன் ஆபீஸ் என்று ஒன்று இருந்தது. அதை வளர்த்த சன் கம்பெனியை 2010 இல் ஆரக்கிள் வாங்கியது. இனி என்ன ஆகுமோ என்று பயந்த நிரலாளர்கள் அதே வருஷம் மூல நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிப்ரே ஆபீஸ் என்று தொடர்ந்தார்கள். நான் இதை அடித்துக்கொண்டிருப்பது அதில்தான். பூட்டிய சாஃப்ட்வேராக இருந்திருந்தால் அவர்களால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க மட்டும்தான் முடிந்திருக்கும்.

நானும் அப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறேன். 1991 என்று நினைவு. எங்கள் தொழிற்சாலையில் ஒரு வெளிநாட்டு மெஷின். அதன் கண்ட்ரோல் கார்டில் கறுப்புப் பிசினை ஊற்றி மூடியிருப்பார்கள், சில்லுகளின் மேல் இருந்த எண்களைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்று. ஒருநாள் அது நின்றது. ஏஜெண்டிடமிருந்து ஆள் வரப் பதினோரு நாள். வந்தவர் அரைமணி நேரத்தில் கார்டை மாற்றிவிட்டுப் போனார். அந்தப் பதினோரு நாளும் மூன்று ஷிப்ட் ஃபிட்டர்களும் அந்த மெஷினைச் சுற்றி நின்றோம். எங்களில் ஒருவருக்கும் தொழில் தெரியாமல் இல்லை.

ஆனால் அது கம்பெனிக்கு நஷ்டம். எனக்கு நேர்ந்த நஷ்டம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவை ஆரம்பித்தேன்.

நான் அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவர் இருந்தார். 1932 இல் ராயபுரத்தில் பிறந்தவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். எழுதத் தெரியும், எழுத உட்காரமாட்டார். ஆனால் பேச ஆரம்பித்தால் மணிக்கணக்கில் கேட்கலாம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலியானபோது, பத்து வயசுப் பையனாக, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதை அவர் சொல்வார். எதிர்வீட்டுக் கிழவி மட்டும் ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டாளாம். துறைமுகம், பட்டறைகள், முதல் ஸ்ட்ரைக், முதல் போனஸ் என்று அவ்வளவும் அவர் தலைக்குள் இருந்தது.

1998 இல் என் வீட்டம்மா ஒரு யோசனை சொன்னாள். அவள் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். "அண்ணன் சொல்லட்டும், நான் அடிக்கிறேன்." அப்போதுதான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். தமிழில் அடிக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்கினேன், என் சம்பளத்தில் பாதி போயிற்று. அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டு கொடுத்தார்கள். கம்ப்யூட்டரின் பின்னால் பிரிண்டர் செருகும் இடத்தில் அதைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். காப்பி அடிக்காமல் இருக்க. ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணன் வந்துவிடுவார். அவர் சொல்லச் சொல்ல இவள் அடிப்பாள், நான் காபி போடுவேன். இரண்டு வருஷத்தில் நூற்று நாற்பது பக்கம். ஏழு பிளாப்பியில் எடுத்து டப்பாவில் வைத்தோம். பேப்பரில் எடுத்தது அண்ணனின் எழுபதாவது பிறந்த நாளுக்கு ஆறு பக்கம் மட்டும்தான். மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதே என்ற நம்பிக்கை.

2004 இல் அண்ணன் போய்விட்டார். அடுத்த இரண்டு வருஷத்தில் அந்தப் பூட்டு வேலை செய்யாமல் போயிற்று. விற்ற கம்பெனியின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. விலாசத்துக்குப் போனேன், அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. புதிய கம்ப்யூட்டரில் பிரிண்டருக்கான அந்தப் பழைய துளையே கிடையாது. ஃபைலை வேறு எதில் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. என் மனைவி அடித்தது, என் அண்ணன் சொன்னது, நான் காசு கொடுத்து வாங்கிய மெஷினில், என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எனக்குப் படிக்க அனுமதி இல்லை. 2016 இல் அவளும் போய்விட்டாள்.

2019 இல் அண்ணனின் மகள் வந்தாள். "சித்தப்பா, அப்பா சொன்னதெல்லாம் சித்தி அடிச்சு வெச்சிருந்தாங்களே, அது இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

காலடிப்பேட்டையிலிருந்து ஒரு பையன், என் பேரனின் சிநேகிதன், லினக்ஸ் கூட்டங்களுக்கெல்லாம் போகிறவன், பிளாப்பிகளை வாங்கிக்கொண்டு போனான். அந்த ஆறு பக்கப் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. பேப்பரில் "க" இருக்கும் இடத்தில் ஃபைலில் என்ன எண் இருக்கிறது, "கி" இருக்கும் இடத்தில் என்ன எண் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அட்டவணை போட்டான். டிராயிங் இல்லாத பாகத்தை அளந்து பார்த்து டிராயிங் போடுவோமே, அதே வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை. நூற்றுப் பதினெட்டுப் பக்கம் வந்துவிட்டது. மீதி இருபத்திரண்டு பக்கம் இருந்த பிளாப்பியில் பூஞ்சை பிடித்திருந்தது. பூஞ்சை என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பதின்மூன்று வருஷம் என்னைப் படிக்க விடாமல் செய்தது பூஞ்சை இல்லை.

பையனுக்குப் பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அந்த அட்டவணையையும் நிரலையும் இணையத்தில் போட்டிருக்கிறான், வேறு யாருக்காவது இதே ஃபைல் மாட்டிக்கொண்டிருந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று. "ஓசி" என்று நீங்கள் சொல்வது இதைத்தான் நண்பரே.

இது என் ஒருவன் கதை என்று தள்ளிவிடாதீர்கள். தமிழே அந்த நாட்களில் இப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு எழுத்துரு, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. ஒரு கடையில் அடித்ததை அடுத்த கடையில் திறந்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் பொது விசைப்பலகை ஒன்றையும் பொதுக் குறியீடுகளையும் முடிவு செய்தார்கள். 2010 இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. யூனிகோட் யாருடைய பூட்டும் இல்லாத பொது அட்டவணை. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது ஊரறிந்த விஷயம். இ-கலப்பை போன்ற கருவிகளைத் தன்னார்வலர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கு என் பதிவை நீங்கள் செல்போனில், டாப்லெட்டில், கம்ப்யூட்டரில் எதில் வேண்டுமானாலும் படிக்க முடிகிறது என்றால், பூட்டு போட்டவர்கள் தோற்று, டிராயிங்கைப் பொதுவில் வைத்தவர்கள் ஜெயித்ததால்தான்.

இவ்வளவும் கண்ணால் பார்த்த நம் அரசாங்கமாவது பாடம் கற்றதா என்றால், பாதி. 2007 வாக்கில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே காலத்தில் சென்னையில் இருக்கும் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸ் என்று இந்திய மொழிகளுக்காகவே ஒன்றை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, பெட்டிக்குள் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் இரண்டும் போய்ச் சேர்ந்தன. ஆனால் என் தெருவில் அந்த லேப்டாப் வாங்கிய பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன். ஸ்விட்ச் போட்டதும் வரும் பட்டியலில் அந்த இரண்டாவது பெயர் எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. சாப்பாட்டை இலையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிவிட்ட மாதிரி.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ இருபது வருஷமாகக் கட்டற்ற மென்பொருள்தான். முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தையே அதற்கேற்ப எழுதினார்கள், தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். வித்தியாசம் பணத்தில் இல்லை, மனசு வைத்ததில் இருக்கிறது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். டீக்கடையில் கேட்டவைதான்.

ஒன்று, "நான் எங்கேப்பா காசு கொடுத்தேன்? ரிச்சி ஸ்ட்ரீட்ல முந்நூறு ரூபாய்க்குப் போட்டுக் குடுத்துட்டான்." ஒரு காலத்தில் பர்மா பஜாரில் சிடி வாங்கிப் போட்டோம், இன்று கடைக்காரன் பென்டிரைவில் போடுகிறான். திருட்டு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கம்பெனியை ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் நம் பிள்ளைகளை அதற்கே பழக்கி, நாளைக்கு அவர்கள் வேலைக்குப் போகும் ஆபீஸில் அதையே காசு கொடுத்து வாங்க வைக்கிறோம். முந்நூறு ரூபாய் கொடுத்து மூன்று தலைமுறைக்கு அடிமைச் சீட்டு. அதோடு அந்தத் திருட்டுப் பிரதிக்குள் வேறு என்ன நுழைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அதில்தான் பென்ஷன் கணக்கைத் திறந்து பார்க்கிறோம்.

இரண்டு, "எனக்குச் சோர்ஸ் கோட் படிக்கத் தெரியாது, அது திறந்திருந்தா எனக்கென்ன, மூடியிருந்தா எனக்கென்ன?" எனக்கும் தெரியாது. புல்லட்டின் டிராயிங்கை நீங்கள் படித்திருக்கிறீர்களா? ஆனால் தெருமுனை மெக்கானிக்குக்கு அது கைவந்த கலை. காசிமேட்டில் லாரி எஞ்சினைப் படகுக்கு மாற்றிக் கட்டுகிறவன் எந்தக் கம்பெனியிடம் அனுமதி கேட்டான்? படிக்கத் தெரிந்தவனைத் தடுக்காமல் இருந்தால், படிக்கத் தெரியாத நமக்கு அவன் உதவுவான். காலடிப்பேட்டைப் பையன் எனக்கு உதவிய மாதிரி.

மூன்று, "எல்லாமே அதுல ஓடாது." இது உண்மை, மறைக்கமாட்டேன். டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரர் மாற வேண்டாம். விரல் ரேகைக் கருவி வைத்து வீட்டிலேயே ஜீவன் பிரமாண் உயிர்வாழ் சான்று எடுப்பவர்களுக்குக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் தேவைப்படுகிறது. செல்போனில் முகத்தைக் காட்டி எடுக்கும் வசதி 2021 இல் வந்துவிட்டதால் நான் அப்படிச் சமாளிக்கிறேன். சில பழைய பிரிண்டர்களும் முரண்டு பிடிக்கும். ஆனால் நம் வயசில் கம்ப்யூட்டரில் என்னதான் செய்கிறோம்? மெயில், பேங்க், யூடியூபில் பழைய பாட்டு, பேரப்பிள்ளைகள் போட்டோ, கொஞ்சம் தமிழில் எழுத்து. இதெல்லாம் ஓடும். இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ்தான். உலகத்தின் முதல் ஐந்நூறு சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. "உருப்படாது" என்று சொன்ன நண்பர் அதைத்தான் காலையிலிருந்து ராத்திரி வரை தடவிக்கொண்டிருக்கிறார்.

நான்கு, "புதுசு வாங்கிட்டா போச்சு." வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். பழையது எங்கே போகும்? இந்த ஊரில் குப்பை எங்கே போகும் என்று நம்மிடமா கேட்க வேண்டும்? கொடுங்கையூர் நமக்கு எத்தனை கிலோமீட்டர்? எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பலை ஆற்றில் பார்த்தவர்கள் நாம். நகரத்துக்கு வேண்டாததெல்லாம் வடக்கேதான் வந்து சேரும். நல்லா ஓடுகிற ஒரு பெட்டியை, அதன் சாஃப்ட்வேருக்குத் தேதி முடிந்துவிட்டது என்பதற்காகக் குப்பையாக்குவதை மற்ற ஊர்க்காரன் வேண்டுமானால் முன்னேற்றம் என்று சொல்லட்டும், நாம் சொல்லக்கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? ஒரே நாளில் எதையும் மாற்ற வேண்டாம். முதலில் எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள். அடுத்து லிப்ரே ஆபீஸ் போட்டுக்கொள்ளுங்கள், அது விண்டோஸிலும் ஓடும். அதில் ஓடிடி என்ற வடிவத்தில் சேமியுங்கள். அது உலகத் தர நிர்ணய அமைப்பு ஏற்றுக்கொண்ட பொது வடிவம், நாளைக்கு லிப்ரே ஆபீஸே இல்லாமல் போனாலும் வேறொன்றில் திறக்கலாம். பிறகு லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் இருப்பதைத் தொடாமலே ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் அடிக்க டைப்ரைட்டர் முறை, தமிழ் 99, இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கும் முறை மூன்றுமே அதில் உண்டு. தமிழிலேயே படித்துத் தெரிந்துகொள்ள 2012 முதல் கணியம் என்ற மின்னிதழ் இருக்கிறது. முக்கியமான எதையும் ஒரு பிரதி பேப்பரில் எடுத்து வையுங்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அண்ணனின் நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தையும் பைண்டு செய்து அவர் மகளிடம் கொடுத்தேன். ஃபைல் இப்போது நான்கு வீட்டில் இருக்கிறது. ஆட்டை விட்டு வராத கிழவி பத்திரமாக இருக்கிறாள். திரும்பி வந்தபோது அவள் என்ன சொன்னாள் என்பது அந்த இருபத்திரண்டு பக்கத்தில் போய்விட்டது. அண்ணன் சொன்னபோது நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

லேலண்ட் நண்பரை வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பென்டிரைவ் தயார். வேலை முடிந்ததும் டீக்கடைக்குப் போவோம், காசு அவர்தான் கொடுக்க வேண்டும். ஓசியில் கிடைப்பது உருப்படாது என்று சொன்னவர் அவர்தானே.